கதவில் எழுதாத புள்ளிகள்

உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுகிற ஜென்மம் இல்லை பேராச்சி. ஆனாலும் இப்போது உட்கார்ந்துதான் இருக்கிறாள். பெஞ்சின் கடைசியில், வலது காலை எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டிப் போட்டு, முட்டியில் ஐஸ் மூட்டையை வைத்துக்கொண்டு, அது உருகிக் கெண்டைக்கால் வழியே ஷூவுக்குள் இறங்கிக் காலுறை சொதசொதவென்று ஆனபிறகும் அசையாமல். ஐஸ் யாருடையது என்றால் டெல்பினுடையது. டெல்பினின் அண்ணனுக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி, இவள் அங்கேதான் கணக்கெழுதுகிறாள், காலையிலேயே ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து "ஒனக்குத் தேவப்படும்ளா" என்று பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள், கூடைப்பந்து ஆட்டம் தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போதே. அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். சொன்ன மாதிரியே இரண்டாவது பத்து நிமிடத்தில் பேராச்சி எகிறி இறங்கியபோது முட்டிக்குள் என்னவோ வழுக்கியது, சத்தம்கூடக் கேட்டது, அவளுக்கு மட்டும். இப்போது கடைசிப் பத்து நிமிடம், அதிலும் நாலு நிமிடந்தான் பாக்கி, தூத்துக்குடி பதினொரு புள்ளி முன்னால், எதிரே கோயம்புத்தூர்க் கல்லூரிப் பிள்ளைகள், எல்லாம் பத்தொன்பது இருபது வயது, காலைத் தரையில் வைப்பதே பாவம் என்பதுபோல் துள்ளுகிறார்கள், இருந்தும் என்ன, அவர்களுக்கு இந்த ஊர்க் காற்று தெரியாது. நாலு மணிக்கு மேல் கிழக்கே இருந்து கடற்காற்று வரும், உப்பளத்து வெக்கையையும் தூக்கிக்கொண்டு வரும், பந்தை மெல்லத் தள்ளும். ரிங்கின் நடுவைப் பார்த்து எறிந்தால் நடுவில் விழாது. அரையடி இடதுபக்கம் எறிய வேண்டும். பேராச்சிக்குத் தெரியும், டெல்பினுக்குத் தெரியும். இதோ எறிகிறாள் டெல்பின், பதினொன்றாம் நம்பர், முப்பத்தாறு வயதில் அந்த ஓட்டம், காற்றுக்கு அரையடி விட்டு, சரக் என்று வலைக்குள் விழுகிறது. பதினாறு. இன்றைக்கு மட்டும் பதினாறு புள்ளி. பேராச்சியின் கை தானாகத் தட்டுகிறது, மனசு தட்டவில்லை, மனசு கூட்டிக்கொண்டிருக்கிறது.

கூட்டாமல் என்ன செய்யும், பதினாறு வருஷப் பழக்கம். கிளப்பில் பந்து வைக்கிற அறையின் கதவுக்குப் பின்புறம் இரண்டு வரி உண்டு. மேல்வரி ஏழாம் நம்பர், அது பேராச்சி. கீழ்வரி பதினொன்று, அது டெல்பின். கிளப்புக்கும் அதுதான் கணக்கு, வேறு புத்தகம் கிடையாது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது மொத்தத்தைச் சாக்பீஸால் எழுத வேண்டும், ஆனால் தன் எண்ணைத் தான் எழுதக் கூடாது. அவள் எண்ணை இவள் எழுத வேண்டும், இவள் எண்ணை அவள். இருபது வயதில் ஒருநாள் சண்டை வந்து, நீ ரெண்டு கூட்டிச் சொல்லுதே, இல்ல நீதான் கூட்டுதே என்று மயிரைப் பிடிக்காத குறையாகப் போனபிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து வைத்த சட்டம். அன்றைக்குக் குறைவாகப் போட்டவள் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நடக்க வேண்டும் என்பது துணைச்சட்டம். பத்துப் பந்து, வலைப்பை, முதுகில் இடித்துக்கொண்டே வரும், பழக்கடை ஆட்கள் "இன்னைக்கு ஒனக்கா தாயி" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே எத்தனை ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் எகிறியிருக்கிறாள். நேற்று வரைக்கும் கதவில் இவள் இரண்டாயிரத்து முன்னூற்று நாலு, அவள் இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. முட்டி வழுக்குவதற்கு முன்னால் இன்றைக்கு ஆறு போட்டாள், ஆக இவள் முன்னூற்றுப் பத்து. அவள் இன்றைக்குப் பதினாறு, ஆக முன்னூற்றேழு. இன்னும் மூன்று போட்டால் சமம், நாலு போட்டால் தாண்டிவிடுவாள். மனசு இதைத்தான் சொல்லிச் சொல்லி அரைக்கிறது, மூன்று சமம், நாலு தாண்டல், மூன்று சமம், நாலு தாண்டல். அணி ஜெயிக்க வேண்டும், அதுவும் உண்மைதான், கப்பைத் தூக்க வேண்டும், அதுவும் உண்மைதான், அந்தத் தடிச்சி மட்டும் இனிமேல் ஒன்றும் போடாமல் ஜெயிக்க முடியாதா என்று ஒரு நப்பாசை. வெட்கமாக இல்லையா? இல்லை, வெட்கமாக இல்லை. அவள் நிலைமையில் டெல்பின் இருந்தால் அவளும் இதையேதான் நினைப்பாள். நினைக்காவிட்டால் அவள் என்ன டெல்பின்.

பெஞ்சுக்குப் பின்னால் வேட்டி சரசரத்தது, கிளப் செயலாளர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி, ஜவ்வாது வாசனையோடு குனிந்தார். "தாயி, முட்டி எப்பிடி இருக்கு?" "இருக்கு அண்ணாச்சி." "டாக்டர் சொன்னத கேட்டேன். இன்னொரு தடவ முறுக்கிச்சுன்னா ஆபரேசனாமே. போதும்மா, எவ்வளவு வெளயாடிட்ட. இன்னைக்கு மரியாதையா அனுப்பி வைக்கோம் பாரு." அவர் கண் போன இடத்தில், ஸ்கோர் எழுதுகிற மேஜைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பொன்னாடை மடிந்து கிடந்தது. மரப்பலகை ஒன்றும் செய்தாகிவிட்டதாம், கிளப் வாசலில் மாட்ட, தங்க எழுத்தில் அவள் பெயரும் அதிகப் புள்ளி எடுத்த வீராங்கனை என்றும் எழுதியாயிற்றாம், எண் மட்டும் ஆட்டம் முடிந்ததும் எழுத வேண்டுமாம், பெயின்டர்கூட வந்து வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிறாராம். "நீ ஒண்ணும் வெசனப்படாத. ரெக்கார்டு ஒம் பேர்லதான் நிக்கும். டெல்பின்ட்டயும் பேசியாச்சு." பேராச்சி திரும்பிப் பார்த்தாள். "என்ன பேசுனிய?" "சும்மா, கொஞ்சம் பாத்துப் போடும்மான்னு. ஜெயிச்ச மேட்ச்தானே." "அவ என்ன சொன்னா?" "என்ன சொல்லுவா, தங்கமான புள்ள. தலய ஆட்டுனா." அண்ணாச்சி தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார், ஜவ்வாது மட்டும் நின்றது. தலையை ஆட்டினாளாம். அரைப் புள்ளி விட்டுக்கொடுக்காதவள், போன வருஷம் பேராச்சிக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்த அன்றும் பந்துப் பையைத் தூக்க வைத்தவள், தலையை ஆட்டினாளாம். ஐஸ் முட்டியைக் கடித்தது. கல்யாணம் ஆனதும் போதும் உட்கார் என்றார்கள், உட்காரவில்லை. வயிற்றில் பிள்ளை என்றதும் உட்கார் என்றார்கள், பிள்ளைக்காக உட்கார்ந்தாள். முப்பது தாண்டியதும் இனி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, நீ உட்கார் என்றார்கள், சொல்லியும் கொடுத்தாள், ஓடியும் காட்டினாள். இப்போது பொன்னாடை போர்த்தி உட்கார வைக்கிறார்கள். முன்பெல்லாம் அதட்டிச் சொன்னார்கள், பதிலுக்கு அதட்ட முடிந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு சொல்கிறவர்களை என்ன செய்வது.

மைதானத்தில் டெல்பின் யாரிடமோ பந்தைத் தட்டிப் பறித்துத் தனியாக ஓடினாள், ரிங்கடியில் எகிறி ஒரு லே-அப், பதினெட்டு. முன்னூற்று ஒன்பது. தாண்டட்டும், தாண்டட்டுமே, அதனால் என்ன. இல்லை, தாண்ட மாட்டாள், தலையை ஆட்டியிருக்கிறாள். அங்கேதான் மனசு போய் முட்டி நின்றது, எப்போதும் முட்டி நிற்கிற இடத்தில், எட்டு வருஷமாக. அந்தப் பதினாலு மாதம். மகள் வயிற்றில் இருந்ததும் பிறந்து கைப்பிள்ளையாக இருந்ததும் சேர்த்துப் பதினாலு மாதம் பேராச்சி மைதானத்துப் பக்கம் வரவில்லை. டெல்பின் ஆடினாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வியர்வை காயாமல் நேரே வீட்டுக்கு வருவாள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து "இன்னைக்குப் பன்னெண்டு" என்பாள், "இன்னைக்கு ஒம்போதுதான்ளா, மழ" என்பாள். "அவ்வளவுதானா" என்று சிரித்துவிட்டுப் பேராச்சி வயிறெரிந்து கூட்டிக்கொள்வாள். நூற்று நாற்பத்து மூன்று. ஆனால் கதவில் ஒன்றும் ஏறவில்லை, ஏறவும் முடியாது, தன் எண்ணைத் தான் எழுதக் கூடாது, எழுத வேண்டியவள் வீட்டில் கிடக்கிறாள். சட்டம் போட்ட இரண்டு முட்டாள்களுக்கும் ஒருத்தி வராமல் போனால் என்ன செய்வதென்று தோன்றவே இல்லை. திரும்பி வந்த முதல் நாள் அந்த அறை, ரப்பர் வாசனை, கையில் சாக்பீஸ், பின்னால் டெல்பின் பந்தை மெல்லத் தட்டிக்கொண்டு நிற்கிறாள், டப், டப். பேராச்சி பழைய எண்ணை அழித்தாள். அதோடு அன்றைக்கு டெல்பின் போட்ட பத்தை மட்டும் கூட்டி எழுதினாள். பந்து தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு டெல்பின், "வா, டீ குடிப்போம்" என்றாள். மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே எத்தனை தரம் சொல்லியாயிற்று. மறக்கவில்லை. எழுதத்தான் கை வரவில்லை, பதினாலு மாதம் சுமந்து பெற்று, பால் கொடுத்து, துணி துவைத்து, ராத்திரி முழித்து வந்து நின்றவளுக்கு அந்த மேல்வரி ஒன்றுதான் தன்னுடையதாக இருந்தது, அதையும் கீழே தள்ளத் தன் கையாலேயே எழுத வேண்டுமா என்று இருந்தது. அவள் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். அவள் ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்கலாமே. கேட்டால் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன். அவள் கேட்கிற ஜாதி இல்லை என்று தெரிந்துதானே எழுதாமல் விட்டேன். இதுதான் உண்மை, இதைச் சுற்றி எந்தப் பக்கம் ஓடினாலும் இங்கேயே வந்து நிற்கிறது. எட்டு வருஷமாக ஊரே சொல்கிற அந்த ரெக்கார்டு பொய். டெல்பின் அவளை எப்போதோ தாண்டியாயிற்று. பேராச்சி எடுத்துக்கொண்டது போதாதென்று இப்போது டெல்பின் தன் கையாலேயே வேறு கொடுக்க வருகிறாள், பலகையில் தங்க எழுத்து, பெயின்டர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

விசில். கூட்டம் ஓவென்றது. டெல்பின் தரையில் கிடந்தாள், ஒரு கல்லூரிப் பிள்ளை எகிறி அவள் மேலேயே விழுந்திருந்தது, நடுவர் இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு புள்ளி. கடிகாரத்தில் ஐம்பத்திரண்டு வினாடி, பதின்மூன்று புள்ளி முன்னால், ஆட்டம் முடிந்த மாதிரிதான். டெல்பின் முழங்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து கோட்டுக்கு வந்தாள். இரண்டு தரம் தரையில் தட்டினாள், உள்ளங்கையை இடது தொடையில் துடைத்தாள், காற்றுக்கு அரையடி விட்டாள், போட்டாள். விழுந்தது. சமம். இரண்டாயிரத்து முன்னூற்றுப் பத்து, இரண்டாயிரத்து முன்னூற்றுப் பத்து. அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார், அவருக்கு என்ன ஒரு திருப்தி. டெல்பின் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். பதினாறு வருஷத்தில் பேராச்சி பார்த்திராத ஒரு சிரிப்பு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு கோட்டில் நின்றாள், நேராக நின்றாள். இரண்டு பாதமும் ரிங்குக்கு நேரே, காற்றே இல்லாத ஊரில் நிற்கிற மாதிரி. அடிப்பாவி. அப்படி நின்று எறிந்தால் பந்து வலப்பக்கம் விளிம்பில் பட்டுத் தெறிக்கும், பார்க்கிறவர்கள் காற்று என்பார்கள், ஐயோ பாவம் என்பார்கள், கதையும் அழகாக முடியும், இரண்டு தோழிகள் ஒரே எண், அண்ணாச்சி மைக்கில் கண்ணீர் விடுவார். பேராச்சிக்குக் கோபம் ஏறியது. யாருக்கு வேண்டும் இந்தப் பிச்சை? தோற்கத் தெரியாதவளா நான்? எத்தனை தரம் பையைத் தூக்கியிருக்கிறேன். கைகால் விழுந்தவள் என்று முடிவுகட்டிவிட்டாளா. அவள் பாவம் பார்க்கிற ஆளாக நான் ஆகிவிட்டேன் என்றால் அந்தக் கதவு எதற்கு, அந்த இரண்டு வரி எதற்கு.

ஐஸ் மூட்டை கீழே விழுந்து சிதறியது. எழுந்துவிட்டாள். முட்டி ஒரு கணம் யோசித்தது, பிறகு தாங்கியது. "பேராச்சி, எங்க போறே, உக்காரு" என்று கோச் தங்கத்துரை சார் கையை நீட்டி மறித்தார். "சப் போறேன் சார்." "நான் சொல்லவே இல்லியே!" "நீங்க சொல்ல முடியாது சார், ரூல் அப்பிடி." ரூல் அப்படித்தான். உள்ளே இறங்குகிறவள் தானே நடந்துபோய் மேஜையில் கேட்க வேண்டும், கோச் கேட்டால் செல்லாது. ஆயிரம் தரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ரூல், இன்றைக்குத்தான் அதன் ருசி தெரிகிறது. நொண்டவில்லை, நொண்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது எட்டு நடந்தாள். மேஜையில் ஸ்கோர் எழுதுகிற பெண்ணிடம் "ஏழாம் நம்பர், சப்" என்றாள். பக்கத்தில் வர்ணனைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார், கையில் இருந்த மைக்கை அணைக்கத் தோன்றவில்லை அவருக்கு. பேராச்சி மைதானத்தைப் பார்த்துக் கத்தினாள், மைக் அதை வாங்கி நாலு குழாயிலும் ஊருக்குக் கொடுத்தது. "ஏளா டெல்பின்! காத்துக்குத் தக்கன நில்லு! நேரா நிக்கியே, என்னயக் கேனச்சின்னா நெனச்ச?" டெல்பின் அப்படியே திரும்பினாள். "நான் வீட்ல கெடந்த பதினாலு மாசம் நீ போட்டது நூத்தி நாப்பத்தி மூணு. நான் கதவுல எழுதல. மறந்துபோய் இல்ல, வேணும்னேதான் எழுதல. நீ எப்பவோ என்னயத் தாண்டிட்ட. இப்ப என்னத்தக் குடுத்துக் கிழிக்கப் போற? போடுளா!" அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நடுவர் ஓடிவந்து, "மேடம், இன்னொரு வார்த்தை பேசினா டெக்னிக்கல் ஃபவுல்" என்றார். "பேசி முடிச்சாச்சு சார்" என்றாள் பேராச்சி. உண்மையிலேயே முடித்தாயிற்று. எட்டு வருஷமாக உள்ளே முட்டிக்கொண்டிருந்தது நாலே வாக்கியந்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. காது இரண்டும் சூடாகக் கொதித்தன, ஊர் முழுக்கப் பார்க்கிறது, பார்க்கட்டும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கும், கேட்கட்டும், பலகையிலிருந்து பெயரைச் சுரண்டி எடுக்கட்டும், அது அவர்கள் பாடு, பெயின்டர் பாடு.

டெல்பின் முகத்தில் அந்த நோயாளிச் சிரிப்பு போய்விட்டிருந்தது. இடது பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள். இரண்டு தட்டு, தொடையில் துடைப்பு, அரையடி. பந்து ரிங்கைத் தொடாமல் இறங்கியது. நடுவர் பேராச்சியை உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தார், நாலாம் நம்பர்ப் பிள்ளை திருதிருவென்று விழித்துக்கொண்டு வெளியே போனது. பேராச்சி நேரே டெல்பின் பக்கத்தில் போய் நின்றாள், டெல்பின்தான் பேசினாள், கண்ணை ரிங்கிலிருந்து எடுக்காமல். "நூத்தி நாப்பத்தி மூணு இல்ல. நூத்தி நாப்பத்தஞ்சு. ஆத்தூர் மேட்ச்ல கடைசில போட்ட ரெண்ட விட்டுட்ட." பேராச்சி அவள் பக்கம் திரும்பினாள். "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தியா?" "பின்ன?" "பெறகு ஏம்ளா கேக்கல?" "நீயா எழுதுவியான்னு பாத்தேன்." அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எட்டு வருஷம் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள். பேராச்சிக்கு அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டு கூட்டினாள், முன்னூற்றுப் பதினொன்றோடு நூற்று நாற்பத்தைந்து, அவள் இரண்டாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு, நான் முன்னூற்றுப் பத்து, தாண்ட வேண்டுமென்றால் நூற்று நாற்பத்தேழு வேண்டும், இருப்பது ஐம்பத்திரண்டு வினாடி. முட்டியும் ஒன்றுதான் இருக்கிறது. ஆகட்டும், இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம், ஆபரேஷன் என்றால் ஆபரேஷன், வெட்டித் தைத்துக்கொண்டு வருகிறேன். விசில் ஊதியதும் கல்லூரிப் பிள்ளை பந்தை உள்ளே எறிந்தது, பேராச்சி விரல்நுனியால் தட்டிவிட்டாள், டெல்பின் அதைப் பொறுக்கினாள். பேராச்சி ரிங்கடியில் தனியாக நின்றாள், பக்கத்தில் ஆளே இல்லை, கையைத் தூக்கி "டெல்பி!" என்று கத்தினாள். டெல்பின் அவளைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பந்தைக் கொடுக்காமல் அவ்வளவு தூரத்திலிருந்து தானே எறிந்தாள், பேராசைக்காரி, விட்டுக்கொடுக்காத சண்டாளி. பேராச்சிக்குச் சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. பந்து விளிம்பில் மோதி எகிறியது, இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள், பேராச்சி வலது காலை ஊன்றி எழும்பினாள்.